வீட்டைப் பார்க்காமல் உரிமம் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடுகளை வாடகைக்கு விடும் தனியார் உரிமையாளர்கள் அதற்கென உரிமம் பெற வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கட்டணம் எவ்வளவு, அது கடைசியில் வாடகைதாரர் தலையில்தான் விடியுமா என்பதைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. உரிமம் வழங்கும் அலுவலர் அந்த வீட்டுக்குள் ஒருமுறையாவது சென்று பார்த்தாரா என்பதை யாரும் கேட்பதில்லை.

ஸ்காட்லாந்தில் 2006 முதல் உரிமையாளர்கள் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து வருகிறார்கள். வேல்ஸில், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டைத் தாமே நிர்வகிப்பவர் பயிற்சி பெற்ற பின்னரே ஐந்தாண்டு உரிமம் பெற முடியும். இவை பெரும்பாலும் உரிமையாளர் தகுதியானவரா என்று பார்க்கும் ஏற்பாடுகள், நல்லவைதாம். ஆனால் குடியிருப்பவரின் உடல்நலத்தைத் தீர்மானிப்பது உரிமையாளரின் நற்சான்று அல்ல, அவர் கொடுக்கும் அறை.

இந்த வகையில் இங்கிலாந்தின் விதி ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து வாழும், உரிமம் தேவைப்படும் வீடுகளில், பெரியவர் ஒருவர் உறங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டரும், இருவர் உறங்கும் அறை 10.22 சதுர மீட்டரும் இருக்க வேண்டும் என்று 2018இல் வரையறுத்தார்கள். கூரை சரிந்து ஒன்றரை மீட்டருக்கும் தாழ்வாக உள்ள இடத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத மூலையையும் அறை என்று காட்டி வாடகை வாங்கும் வழக்கத்தை அறிந்தவர்தாம் இப்படி எழுதியிருக்க முடியும். எனினும், அளவு நாடாவோடு ஒருவர் நேரில் போகாவிட்டால் இந்த எண்ணும் விண்ணப்பத்தில் உரிமையாளரே நிரப்பும் எண்ணாகிவிடும். பேட்டரி கழற்றப்பட்ட புகை எச்சரிக்கைக் கருவியும், அலமாரியை நகர்த்தினால் மட்டும் தெரியும் பூஞ்சையும், பூட்டுப் போட்ட சன்னல் கம்பிக்கதவும் எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

மாடிப் பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழும் முதியவரையும், பல கட்டடங்கள் வைத்திருப்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. கட்டணத்தில் சலுகை தரலாம். ஆய்வில் தரக் கூடாது. மின்கசிவு உரிமையாளரின் வருமானம் பார்த்து வருவதில்லையே!

குறை சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சத்திலேயே பலர் ஒழுகும் சுவரோடு ஒத்துப்போகிறார்கள். ஆகவே, ஆய்வில் குறை பதிவானால் அது சரிசெய்யப்படும் வரை வாடகையை உயர்த்தவும், குடியிருப்பவரை வெளியேற்றவும் தடை இருக்க வேண்டும். உரிமமின்றி வாடகைக்கு விட்டவரிடமிருந்து, கொடுத்த வாடகையைத் தீர்ப்பாயத்தின் வழியாகத் திரும்பப் பெற இங்கிலாந்தில் வாய்ப்பு உண்டு. அபராதத்தைவிட இதற்கே உரிமையாளர்கள் அதிகம் அஞ்சுவார்கள் என்பது என் கணிப்பு. சட்டம் இயற்றுவோர் இதையும் சேர்ப்பதோடு, முன்பணம் வாங்கும் முன்பே ஆய்வறிக்கையின் நகலை வாடகைதாரரிடம் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர்