கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டிக்கு ஜர்னல் பேப்பர எண்ணுறத விடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, இப்பல்லாம் காசு இருந்தா யார் வேணா பிஎச்டி வாங்கிடலாம்னு. படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சுங்க. நான் நாமக்கல் மாவட்டத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்ல வேலை பாக்குறேன், 2023 ஜனவரில பார்ட் டைம்ல பிஎச்டி ரிஜிஸ்டர் பண்ணேன். அவர் சொன்னது பொய்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த நெலமை எங்கேருந்து வருதுன்னு இதுக்குள்ளயே கெடக்கிற ஒருத்தி சொன்னா நாலு பேருக்குப் புரியும்னு இத எழுதுறேன்.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 நவம்பர்ல பிஎச்டிக்குப் புது ரெகுலேஷன் போட்டுச்சு. பிஜில 55 சதவீதம், இல்லன்னா நாலு வருஷ டிகிரில 75 சதவீதம் இருக்கணும், கொறஞ்சது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் முடிக்கணும், அதுல ஆராய்ச்சி நெறிமுறை பத்தி ஒரு பாடம் கட்டாயம் உண்டு. மூணு வருஷத்துக்கு முன்னாடி தீசிஸ், அதாவது ஆய்வேடு, குடுக்க முடியாது, ஆறு வருஷத்துக்குள்ள முடிக்கணும், அப்புறம் ரெண்டு வருஷம் நீட்டிப்பு, பொம்பளைங்களுக்கு இன்னொரு ரெண்டு வருஷம் சேத்துக் குடுக்குறாங்க. வெளில இருந்து ரெண்டு எக்ஸாமினராவது தீசிஸ படிச்சு ஓகே சொல்லணும், அப்புறம் எல்லாரும் வந்து உக்காந்து கேள்வி கேக்குற மாதிரி ஓப்பன் வைவா. இதுல எதுலயும் எனக்குக் குறை இல்ல, நல்ல ரூல்தான்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு. 2016 ரெகுலேஷன்ல தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஜர்னல் பேப்பரும் (ஆராய்ச்சி இதழ்ல வர்ற கட்டுரை) ரெண்டு கான்ஃபரன்ஸ் பிரசென்டேஷனும் (ஆராய்ச்சி மாநாட்டுல கட்டுரை படிக்கிறது) கட்டாயம்னு இருந்துச்சு, 2022ல அத எடுத்துட்டாங்க. அப்ப யுஜிசி தலைவரா இருந்த ஜெகதீஷ் குமார் சார் எல்லா சப்ஜெக்டுக்கும் ஒரே அளவுகோல் சரிவராதுன்னு சொன்னப்ப உதாரணத்துக்கு எடுத்ததே எங்க சப்ஜெக்டதான், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஸ்காலர்ஸ் நிறைய பேரு ஜர்னல விட கான்ஃபரன்ஸத்தான் விரும்புறாங்கன்னு. எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுங்களா. ஆனா யுஜிசி எடுத்தாலும் பல்கலைக்கழகங்க தங்களுக்குன்னு தனியா ரூல் வச்சுக்கலாம், அதனால நான் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கிற எடத்துல சினாப்சிஸ், அதாவது தீசிஸுக்கு முன்னாடி குடுக்குற சுருக்கம், குடுக்கணும்னா இன்னிக்கும் ரெண்டு ஜர்னல் பேப்பர், அதுவும் அவங்க லிஸ்ட்ல இருக்குற ஜர்னலா இருக்கணும். கான்ஃபரன்ஸ்ல எவ்ளோ பெரிய பேப்பர் போட்டாலும் கணக்குல வராது.

வெளில இருக்கிறவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்னு தோணும். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு சின்னப் பசங்க வரைக்கும் சாட்ஜிபிடி யூஸ் பண்றாங்கல்ல, அதுல கடைசில வர்ற டி, டிரான்ஸ்ஃபார்மர்ங்கிற வார்த்தையோட மொத எழுத்து, சாட்ஜிபிடி இயங்குற அடிப்படை முறையோட பேரு அது. அந்த டிரான்ஸ்ஃபார்மர உலகத்துக்குச் சொன்ன பேப்பர் 2017ல நியூரிப்ஸ்ங்கிற கான்ஃபரன்ஸ்ல வந்துச்சு. எங்க ரூல்படி அந்த பேப்பருக்கு மார்க் பூஜ்யம். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கான்ஃபரன்ஸ் பேப்பர குறைச்சு மதிப்பிடாதீங்கன்னு அமெரிக்கால கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் 1999லயே ஒரு குறிப்பு போட்டு எல்லா டிபார்ட்மென்டுக்கும் சொல்லிட்டாங்க, கால் நூற்றாண்டு தாண்டிடுச்சுங்க.

இப்ப என் கதைக்கு வரேன். கையெழுத்துத் தமிழ கம்ப்யூட்டர் படிக்க வைக்கிறதுதான் என் டாபிக். ஹெச்பி லேப்ஸ் இந்தியா முன்னாடியே ஒரு டேட்டாசெட், அதாவது கையெழுத்து மாதிரிகளோட தொகுப்பு, வெளியிட்டிருக்காங்க, அதுல 156 வடிவம் இருக்கு, அதாவது நம்ம 247 எழுத்தயும் ஒடச்சு, கொ-ன்னா கொம்பு தனி க தனி கால் தனின்னு வச்சா இந்த 156ல எல்லாத்தயும் எழுதிடலாம். அதோட எங்க காலேஜ் பசங்ககிட்டயும் ஃபார்ம் குடுத்து எழுதி வாங்கி ஸ்கேன் பண்ணி சேத்தேன். ஒரு பங்க வச்சு மாடல, அதாவது எழுத்த அடையாளம் காணுற ப்ரோக்ராம, ட்ரெயின் பண்ணி, மீதிய வச்சு டெஸ்ட் பண்ணா 97 சதவீதம் சரியா வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல சந்தோஷத்துல. மறுநாள் லேப் முடிஞ்சு உக்காந்து தப்பான எழுத்துங்கள ஒவ்வொண்ணா பாத்துட்டு, சரியா வந்ததயும் பாப்போம்னு பாக்குறேன், ஒரு பொண்ணோட ழ, கீழ வால ரெண்டு சுத்து சுத்தி விட்டிருக்கும், அது டெஸ்ட்லயும் இருக்கு ட்ரெயினிங்லயும் இருக்கு. அவளே பத்து தடவ எழுதினதுல எட்ட ட்ரெயினிங்லயும் ரெண்ட டெஸ்ட்லயும் கலந்து போட்டிருக்கேன். அப்ப மாடல் ழ-வ படிச்சுதா இல்ல அந்தப் பொண்ணோட கைய படிச்சுதா? எழுதின ஆளு வாரியா பிரிச்சு, ட்ரெயினிங்ல வந்த ஆளு டெஸ்ட்ல வரவே கூடாதுன்னு மறுபடி ஓட்டினேன், 97 எறங்கி 89க்கு வந்து நின்னுச்சு. அந்த 89 தாங்க உண்மையான நம்பர்.

அந்த 89ஓட, ஏன் எறங்குச்சுங்கிற விளக்கத்தோட ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். ஏழு மாசம் கழிச்சு பதில் வருது, ஏற்கனவே வந்த பேப்பர்கள விட உங்க அக்யூரசி கம்மியா இருக்கு, ரிஜெக்ட்னு ரெண்டே வரில. நான் கண்டுபிடிச்ச விஷயமே அதுதானே, அத ரிவ்யூவர், அதாவது ஜர்னலுக்காக பேப்பர மதிப்பிடுறவரு, படிச்ச மாதிரியே தெரியல. 97னு அனுப்பியிருந்தா போன வருஷமே பேப்பர் வந்திருக்கும், சினாப்சிஸுக்கு வேண்டிய ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிருக்கும்.

ரிஜெக்ட் ஆன அதே மாசம் போன்ல ஒரு மெசேஜ், நம்பர் யாருதுன்னு தெரியல. பேப்பர் ரெடியா இருக்கு மேடம், லிஸ்ட்ல இருக்கிற ஜர்னல்தான், மொத ஆத்தர் எடம் காலியா இருக்குன்னு ரேட்டோட அனுப்பியிருந்தான், எங்க நாலு மாச சம்பளம் வரும். பிளாக் பண்ணிட்டேன். ஆனா என்கூட ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருக்கிறவங்க எல்லாருக்கும் அது வந்திருக்கு, வீட்டு லோன், புள்ளைங்க ஃபீஸ், பிஎச்டி முடிச்சாத்தான் இன்கிரிமென்ட்னு மேனேஜ்மென்ட் சொல்றது, இதுக்கு நடுவுல எல்லாரும் பிளாக் பண்ணுவாங்கன்னு நான் எப்படி எதிர்பாக்குறது.

இப்படி எண்ணிக்கைக்கு ஓடினதோட பலன் உலகம் முழுக்க தெரிஞ்சுபோச்சு. ஹிந்தாவின்னு ஒரு ஜர்னல் கம்பெனி, 2021ல வைலி வாங்கினாங்க, 2023ல மட்டும் 8000க்கு மேல பேப்பர வாபஸ் வாங்க வேண்டியதாயிடுச்சு, எங்க ஏரியா ஜர்னலுங்களும் அதுல அடிபட்டுச்சு, இந்திய காலேஜ் பேருங்களும் நிறைய இருந்துச்சு. 2021ல மூணு ஆராய்ச்சியாளர்கள் எங்க ஃபீல்டு பேப்பர்கள்ல ஒரு விநோதத்த கண்டுபிடிச்சாங்க, அடுத்தவங்க எழுதினத காப்பி அடிச்சு ப்ளேஜியரிசம் செக்ல மாட்டாம இருக்க சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தைய மாத்துறதுல செயற்கை நுண்ணறிவுங்கிறது போலி உணர்வுன்னு ஆகிப்போச்சு, அதயும் ரிவ்யூவர் பாத்து, எடிட்டர் பாத்து, அச்சுல வந்திருக்கு. ஜர்னல்ல வந்துட்டா தரம்னு சொல்றவங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

கான்ஃபரன்ஸ்லயும் டூப்ளிகேட் இருக்கே, ஹோட்டல் ஹால் புடிச்சு சர்டிபிகேட் குடுத்து அனுப்புறாங்களேன்னு கேப்பீங்க. உண்மைதான், அந்த மாதிரி ரெண்டு எனக்கே தெரியும். அதுக்குத்தான் ஆஸ்திரேலியால இருந்து வர்ற, கான்ஃபரன்ஸ்கள தரம் பிரிக்கிற கோர் ராங்கிங் மாதிரி பட்டியல் இருக்கு, அத வச்சு நல்ல கான்ஃபரன்ஸ மட்டும் ஏத்துக்கலாம். 2025 பிப்ரவரில, நல்ல ஜர்னல்னு யுஜிசி ஏத்துக்கிட்டதெல்லாம் இருந்த கேர் லிஸ்டயும் நிறுத்திட்டாங்க, எந்த ஜர்னல் நல்லதுன்னு பல்கலைக்கழகங்களே முடிவு பண்ணிக்கங்கன்னு விட்டாச்சு, எப்படியும் ஒக்காந்து புது லிஸ்ட் போடத்தான் போறாங்க, போடும்போது எங்க சப்ஜெக்டுக்கு கான்ஃபரன்ஸயும் சேத்துப் போடுங்கன்னுதான் கேக்குறேன்.

ஆனா எனக்கு அதவிட பெருசா ஒரு ஆசை இருக்கு. தீசிஸ் கூடவே ப்ரோக்ராம் கோடயும் டேட்டாவயும் குடுக்கணும்னு ரூல் வைங்க. எக்ஸாமினர் ஒருத்தராவது, இல்ல அவரோட ஸ்டூடண்ட் யாராவது, அத ஓட்டிப் பாத்து தீசிஸ்ல போட்ட நம்பர் வருதான்னு எழுதிக் குடுக்கணும். பெரிய கான்ஃபரன்ஸ்கள்ல இது பழக்கமாயிடுச்சு, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் கான்ஃபரன்ஸ்கள்ல 2011ல இருந்தே கமிட்டி போட்டு ஆத்தர்ஸோட ப்ரோக்ராம ஓட்டிப் பாக்குறாங்க, நியூரிப்ஸ்ல 2019ல இருந்து கோட் இருக்கா டேட்டா எப்படிப் பிரிச்சீங்கன்னு செக்லிஸ்ட் கேக்குறாங்க. காசுக்கு வாங்கின பேப்பர்ல பேரு வரும், அதுக்குப் பின்னாடி ஓடுற கோட் எங்கேருந்து வரும்?

ஓப்பன் வைவாவும் அப்படித்தான். நான் போன சில வைவால கேள்விய முன்னாடியே துண்டு பேப்பர்ல எழுதி ஜூனியர் ஸ்காலர்ஸ் கைல குடுத்துட்டாங்க, அவங்களும் எழுந்து படிச்சிட்டு உக்காந்துட்டாங்க. அந்த எடத்துல ப்ரொஜெக்டர்ல கோட தொறந்து, யாரோ ஒரு ஸ்டூடண்ட் அங்கயே எழுதின ஒரு எழுத்த காட்டி, இத உங்க மாடல் என்னன்னு சொல்லுது பாப்போம்னு கேட்டா போதும்ங்க.

எங்க கைடு தங்கமானவரு, 97னே அனுப்பும்மான்னு ஒரு நாளும் சொல்லல. அவர் சொன்னபடி அந்த பேப்பர இன்னொரு எடத்துக்கு அனுப்பியிருக்கேன், 89னுதான். எந்தப் பையன் எழுதினது எந்தப் பக்கம் போச்சுங்கிற லிஸ்டும் கோடும் எல்லாம் சேத்து ஒரு பென்டிரைவ்ல வச்சிருக்கேன், எந்த எக்ஸாமினர் கேட்டாலும் அன்னிக்கே குடுத்துடுவேன்.

இப்படிக்கு,
ஒரு பகுதி நேர ஆராய்ச்சி மாணவி,
நாமக்கல் மாவட்டம்.