மூட்டுக்குப் பின்னால் இருக்கும் மெஷின்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றுவதென்று முடிவானது நல்லதுதான். இன்னும் தள்ளிப்போட்டால் நடமாட்டமே நின்றுவிடும். உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு, அதாவது இம்ப்ளான்ட், அதன் விலையைக் கேட்டுத் தலைசுற்றிப்போய், "செய்வது கம்பெனிக்காரன், இதில் உன்னைப் போன்ற பல்கலைக்கழக வாத்தியார்களுக்கு என்ன வேலை?" என்று குத்தியிருந்தாய். சரி, கேள்.

1950-கள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம். ஜான் சார்ன்லி என்றொரு எலும்பு மருத்துவர். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மூட்டு வைத்திருந்த ஒருவர் சாப்பாட்டு மேசையில் குனிந்தால் இடுப்பு கிறீச்சிடுமாம். மனைவி எழுந்து போய்விடுவாராம். சிக்கல் உராய்வில்தான் என்று பிடித்துக்கொண்ட சார்ன்லி, தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்கார்ந்து சுழலும் கிண்ணத்தை வழுக்கும் டெஃப்லானில் செய்தார். மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் சிமென்ட்டுக்கு வழி சொன்னவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவின் டென்னிஸ் ஸ்மித். பல்செட் செய்யும் அதே அக்ரிலிக்!

முதலில் எல்லோரும் நன்றாக நடந்தார்கள். சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்து, துகள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தது. ஏறக்குறைய 300 பேருக்கு அப்படி வைத்தாயிற்று. 1962-ல் ஒரு விற்பனையாளர் தறி மெஷின்களின் பற்சக்கரத்துக்கு ஆகும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மானம் பார்க்கத் தானே கட்டிய மெஷினில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை.

சார்ன்லி டெஃப்லானைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தவர். அது திசுவை என்ன செய்கிறது என்று 1963-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியும் விட்டார். தன் சரக்கு மோசம் என்று விற்கிறவன் அவ்வளவு லேசில் அச்சில் போடமாட்டான். ஆராய்ச்சி செய்யும் எங்கள் ஆட்கள் எல்லோரும் போடுகிறார்களா என்பது வேறு கதை.

அந்த மெஷினின் பேரப்பிள்ளைகள் இன்று லீட்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஓடுகின்றன. மூட்டைக் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஊறவைத்து, நடப்பதுபோலவே எடை ஏற்றி இறக்குவார்கள். பத்து லட்சம் சுற்று என்றால் ஏறக்குறைய ஓராண்டு நடைக்குக் கணக்கு. நீ கொடுக்கப்போகும் பணத்தில் இந்தத் தேய்மானக் கணக்கும் அடக்கம்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்ப்ளான்ட் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி அம்மா ஃபைலில் ஒட்டிவை. கம்பெனி, மாடல், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு மாடலை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். தன் உடம்பில் இருப்பது எது என்று தெரியாமல் அலைந்தவர்கள் உண்டு. ஆபரேஷன் தேதி தெரிந்ததும் எழுது, லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்