முதல்வரான தோழிக்கு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செவிலியர் கல்லூரி முதல்வரான மகிழ்ச்சியைவிட, இனி ஆய்வுக்கு நேரமே வாய்க்காது என்ற கவலைதான் அதில் மிகுதியாகத் தெரிந்தது. நான் நலம், இரவுப் பணியிலிருந்து விடுபட்டதால் படிக்கப் பொழுது கிடைக்கிறது. அப்படிப் படித்த கிளேர் ஃபேகின் என்ற அமெரிக்கச் செவிலியரின் வாழ்க்கையைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

1926இல் நியூயார்க்கில் பிறந்த அவர் மனநலச் செவிலியர். அக்காலத்தில் அந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், உள்நோயாளியான குழந்தையைப் பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே பார்க்க முடியும். தாய் உடன் தங்கிய குழந்தைகளும், தாய் வந்து பார்த்துவிட்டு மட்டும் போன குழந்தைகளும் வீடு திரும்பிய பின் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1964இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாய் உடனிருந்த குழந்தைகளிடம் கலக்கம் குறைவாக இருந்தது. பின்னாளில் பார்வையாளர் விதிகள் தளர்ந்ததில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு. கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்த தாய்மாரை, டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் வார்டு ஒழுங்காகத் தெரிய வேண்டுமே என்று நாம் எழுப்பி வெளியே அனுப்பிய விடியற்காலைகள் நினைவுக்கு வந்து, எனக்குச் சற்றே வெட்கமாக இருந்தது.

1977இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளியின் தலைமையை ஏற்ற அவர், ஏறத்தாழ 15 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். பிறகு 1993-94இல் பல்கலைக்கழகத்துக்கே இடைக்காலத் தலைவரானார். இவற்றைவிட நான் பெரிதாக எண்ணுவது வேறொன்று. அவர் பள்ளியை நடத்திய காலத்தில் அங்கே வந்து சேர்ந்த லிண்டா எய்கன், 2002இல் தம் குழுவினருடன் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு உனக்கு நினைவிருக்கும்: ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும் ஒவ்வொரு முறையும், அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. ஃபேகின் அந்த ஆய்வைச் செய்யவில்லை. அப்படிப்பட்டவர்கள் வந்து வேலை செய்யத்தக்க இடமாகத் தம் பள்ளியை வைத்திருந்தார். 2024இல், தம் 97ஆம் வயதில் மறைந்தார்.

ஆகவே, உன் இளம் ஆசிரியைகளுள் ஆர்வமுள்ள ஒருத்தியிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்து, அவளுடைய வகுப்புகளில் இரண்டை நீயே எடுத்துக்கொள். கோப்புகள் ஒரு நாள் காத்திருக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது அவளுடைய திட்ட வரைவைக் கொண்டு வா. சிவப்பு மைப் பேனாவோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி