இரயில் நாவல் பிறகு. கப்பலில் வந்தவர்களின் நாவல் முதலில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர்கள் இவ்வாண்டு எதை எழுதப்போகிறார்கள், அண்மையில் எதை விரும்பி வாசித்தார்கள் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், என் அடுத்த நாவல் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயிலைப் பற்றியது என்று இரண்டு வரிகள் இருந்தன. நிருபர் தவறாக எழுதிவிடவில்லை. அவர் தொலைபேசியில் கேட்ட நாளில் நான் அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பின் என் எண்ணம் மாறிவிட்டது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் தாயகம் திரும்பியவர்களின் நாவலையே முதலில் எழுதப்போகிறேன். கோத்தகிரிக் கடைவீதியில் என்னைக் கண்டு இரயில் நாவல் எப்போது வரும் என்று அன்போடு கேட்கிற வாசகர்களுக்குத் தனித்தனியே விளக்கம் சொல்வதைவிட, அந்தச் செய்தி வந்த இடத்திலேயே காரணத்தையும் சொல்லிவிடுவது முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறேன். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

இரயில் நாவலை நான் கைவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறேன். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் அந்தப் பாதை வந்தது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளம் பதித்து, பாதை நெடுகப் பாறையைக் குடைந்து பதினாறு சுரங்கங்களை அமைத்த கூலிகளின் வாழ்க்கை எழுதப்பட வேண்டியது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அதற்கான ஆதாரங்கள் பெரும்பாலும் தாள்களில் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்து அலமாரியில் நூறாண்டுகளுக்கு மேல் கிடந்த தாள் இன்னும் ஐந்தாண்டுகள் கிடக்கும். நான் இப்போது எழுத விரும்பும் நாவலின் ஆதாரங்களோ, கூடலூர், சேரம்பாடி, நடுவட்டம், குந்தா, கோத்தகிரி என்று இந்த மாவட்டமெங்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கின்றன. 1970-இல் இருபத்தைந்து வயதில் கைக்குழந்தையோடு இராமேசுவரத்தில் கரையிறங்கிய பெண் இன்று எண்பது வயதைத் தாண்டியிருப்பார். சென்ற மழைக்காலத்தில் நான் சந்தித்துப் பேசிய நான்கு மூதாட்டிகளில் இருவர், இந்த மழைக்காலம் வருவதற்குள் காலமாகிவிட்டார்கள்.

இளைய வாசகர்களுக்காகச் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்தது. மீதமிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் 1984-இல் நின்றுபோனது. இந்த எண்களை நான் பள்ளிப் பருவத்திலேயே அறிவேன். பங்கு பிரித்தபோது அக்காள் ஒரு பங்கிலும் தங்கை இன்னொரு பங்கிலும் போனார்கள் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. என் வீடு சொன்னது. என் தாயார் தம் தமக்கையை ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் விட்டுவிட்டு 1973-இல் புறப்பட்டு வந்தவர். புறப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற இரயிலை அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே சொன்னார்கள்.

அண்மையில் விரும்பி வாசித்தவை எவை என்ற கேள்விக்கு, அன்று நிருபரிடம் அவசரத்தில் இரண்டு புதிய நாவல்களின் பெயர்களைச் சொன்னேன். அவை நல்ல நாவல்களே. ஆயினும் இந்த ஓராண்டில் என்னைப் பிடித்து உலுக்கியவை வேறு.

முதலாவது, ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. கல்லூரி நாள்களில் வாசித்ததை இப்போது மறுபடியும் வாசித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காகக் கொண்டு படுகர் குடும்பங்களின் தலைமுறைகளைச் சொல்லும் அந்த நாவலை, மலையை அழகுக்காக மட்டும் பார்க்கிறவர்கள் எழுதியிருக்கவே முடியாது. தேயிலையும் நீர்மின் திட்டமும் வந்து ஒரு ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், நிலமும் மனமும் எப்படி மாறுகின்றன என்பதை அவர் அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். வாசித்து முடித்த இரவில் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இந்த மலையில் பிறந்தவர்கள் தம் வயதைக் குறிஞ்சிப் பூப்பால் கணக்கிட்டார்கள் என்றால், என் தாயார் எதைக் கொண்டு கணக்கிட்டார்? "கப்பல் நிக்கிறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி", "நாங்க கப்பலேறி நாலாம் மாசம்" என்றுதான் அவர் எல்லாவற்றையும் சொல்வார். தம்பி பிறந்ததும், வீட்டுக்கு மின்சாரம் வந்ததும், தந்தையார் இறந்ததும் அந்தக் கப்பலுக்கு முன்பின்னாகவே அவர் நினைவில் இருந்தன. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நம்மளுக்கு முந்தியே இங்க இருக்குற சனத்தோட பூ" என்றார். என் நாவலின் காலக்கணக்கு எது என்பது அந்தச் சொல்லிலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து விளங்கியது.

இரண்டாவது, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'. பலரும் அறிந்த நூல் என்பதால் விரித்துரைக்கவில்லை. அட்டைப் பூச்சியும் குளிரும் காய்ச்சலும் அதில் வெறும் பின்புலமாக நில்லாமல் கதையை நடத்துகின்றன. ஒரு மருத்துவரின் கண் அப்படிப் பார்த்திருக்கிறது. அதை வாசித்த பின் என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அதில் நீலகிரி மழை என்று பொதுவாக எழுதி வைத்திருந்த பக்கங்களை அடித்துவிட்டேன். கூடலூரில் ஆடி மாதம் கொட்டுகிற தென்மேற்கு மழையும் கோத்தகிரியில் ஐப்பசிக்குப் பிறகு வருகிற மழையும் ஒன்றல்ல. கூடலூர்த் தோட்டத்தில் கொங்காணி என்னும் மழை மறைப்பைப் போட்டுக்கொண்டு நனைகிற உடம்புக்கும் கோத்தகிரித் தோட்டத்தில் தை மாத உறைபனியில் விரல் மரத்துப்போகிற உடம்புக்கும் வருகிற நோயும் ஒன்றல்ல.

மூன்றாவதாக, மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்'. ஆபிரகாம் ஜோசப் என்பவர் 1869-இல் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' முதலாக, இலங்கைத் தோட்டங்களைச் சார்ந்து தமிழில் எழுந்த பழைய எழுத்துகளைத் தேடிப்பிடித்து அவர் ஆராய்கிறார். கும்மி, உழைக்கும் பெண்கள் கைகொட்டிப் பாடும் வடிவம். அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டு, காப்பித் தோட்ட வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதிகாரத்தின் பக்கம் நின்று தொழிலாளிக்குப் போதிக்கிறது அந்தப் பழைய நூல். இதை அறிந்தபோது எனக்குக் கோபமும் வந்தது, அச்சமும் வந்தது. தொழிலாளியின் பாட்டை எடுத்துத் தொழிலாளிக்கு எதிராகவே பாட முடியுமானால், தொழிலாளியின் பேச்சை எடுத்து எழுதும் நாவலாசிரியன் எவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டும்! அதற்கு மாற்றாகவே சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 1947-இல் தோட்ட மக்களால் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட அவர், அடுத்த ஆண்டே அம்மக்கள் குடியுரிமை இழந்ததைக் கண்டவர். அவர்களுடைய பாடல்களையாவது இழக்கக் கூடாது என்று சேர்த்து வைத்தார். சேர்த்து வைக்கும் இந்த வேலைக்கு நம் மலையிலும் முன்மாதிரி உண்டு. எமனோ என்ற மொழியியலறிஞர் 1930-களின் பிற்பகுதியில் இங்கே தங்கித் தோடர் பாடல்களைச் சேகரித்தார். அந்தத் தொகுதி நூலாக வெளிவந்ததோ 1971-இல். இவ்வளவு காலம் ஒருவர் ஒரு சிறு சமூகத்தின் பாடலோடு இருந்திருக்கிறார் என்பதை நினைக்கையில், ஓராண்டுக்குள் நாவலை முடித்துவிடலாம் என்ற என் பழைய திட்டம் எனக்கே சரியாகப் படவில்லை.

இந்நூல்கள் எல்லாவற்றையும்விட நான் அதிகம் வாசித்தது, என் தாயார் மறைந்த பின் அவருடைய தகரப் பெட்டியிலிருந்து கிடைத்த இருபத்தேழு கடிதங்களை. எல்லாம் பெரியம்மா அங்கிருந்து அனுப்பியவை. பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் தாயாருக்குப் படிக்கத் தெரியாது. அங்கே யாரோ எழுதினார்கள், இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் படித்துக் காட்டினேன். கடிதங்களில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. ஒருவர் எல்லாக் கடிதத்தையும் "நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்று தொடங்கி, நோயையும் கடனையும்கூட இலக்கணச் சுத்தமாக எழுதியிருக்கிறார். இன்னொருவர் பெரியம்மாவின் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். இஸ்தோப்பு (திண்ணை) ஓரத்து ரோசாச் செடி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நடந்த சண்டை, கொந்தரப்பு (ஒப்பந்த) வேலையில் குறைத்துக் கொடுத்த காசு, எல்லாம் அவர் குரலிலேயே இருக்கின்றன. அந்தக் கையெழுத்தைக் கண்டால் என் தாயார் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, படித்ததையே இன்னொரு முறை படிக்கச் சொல்வார். விளையாடப் போகும் அவசரத்தில் சில வரிகளை விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன். இப்போது அவ்வரிகளை வாசிக்கும்போது, அவை அவர் காதில் விழாமலே போய்விட்டனவே என்ற துக்கம் என்னை விடவில்லை. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த கடிதங்கள் மூன்றே.

ஆகவே, எழுதப்போகும் நாவல் இரு சகோதரிகளுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தாகவே அமையும். கடிதத்தைச் சொன்னவர், எழுதியவர், படித்துக் காட்டியவர், கேட்டவர் என்று நால்வர் வழியாக ஒரு கடிதம் கடந்து வரும்போது எது கூடுகிறது, எது விடுபடுகிறது என்பதே அதன் உள்ளீடு. குறிஞ்சியைக் கூடலின் நிலமாகவும் பாலையைப் பிரிவின் நிலமாகவும் வகுத்த நம் முன்னோர், குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றும் சொல்லி வைத்தார்கள். வெயில் இல்லாமலே, மழையும் பனியும் பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு குறிஞ்சி நிலம் பாலையானதை நான் எழுதப்போகிறேன்.

இதனோடு இன்னொரு சிறு வேலையையும் மேற்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து கப்பலில் வந்த சொற்களைத் தொகுக்கிறேன். காம்பரா (அறை), பீலி, இஸ்தோப்பு, றாத்தல் (பவுண்டு எடை), கோச்சி, பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள்கள் கூடும் இடம்) என்று முதல் தலைமுறை பேசியதை இரண்டாம் தலைமுறை புரிந்துகொண்டது. மூன்றாம் தலைமுறை பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போன இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் சிரிக்கிறார்களே என்று வாயடைத்துப் போனார்கள். அந்தச் சொற்கள் அச்சில் ஏறினால் அவர்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

பழைய புண்ணை எதற்குக் கிளற வேண்டும், மலையின் அழகை எழுதலாமே என்று நல்லெண்ணத்தோடு எனக்கு எழுதிய வாசகர் ஒருவருக்கும் இங்கேயே பதில் சொல்ல விரும்புகிறேன். ஐயா, சுற்றுலா வருகிறவர்கள் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்தப் பச்சைச் சரிவுகளில் பலவற்றைக் காடு வெட்டி, குழியெடுத்து, நாற்று நட்டு உண்டாக்கியவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இனி என் வேண்டுகோள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தார் யாரிடமேனும் அக்காலத்துக் கடிதங்கள் இருந்தால், அவற்றின் படியைத் தங்கள் நாளிதழ் அலுவலகம் வழியாக எனக்கு அனுப்பி உதவ வேண்டும். மூலத்தை எவரும் கைவிட வேண்டாம். கூப்பிட்டால் நானே நேரில் வந்து படியெடுத்துக்கொள்வேன். எவர் பெயரும் நாவலில் வராது. எழுதத் தெரியாதவர்களுக்காக அந்நாளில் கடிதம் எழுதிக் கொடுத்த ஆசிரியர்கள், கணக்கப்பிள்ளைகள் எவரேனும் இன்று இந்த மலையில் இருந்தால் அவர்களைக் கண்டிப்பாகச் சந்திக்க விரும்புகிறேன். தலைமன்னார்த் துறையில் கப்பலுக்குக் காத்திருந்த இரவில் பெண்கள் சேர்ந்து பாடியதாக என் தாயார் சொன்ன தாலாட்டு ஒன்று உண்டு. தொட்டிலைக் கோச்சியாகவும் பிள்ளையைப் பயணியாகவும் வைத்துப் பாடுவது அது. அவருக்கு நான்கு அடிகள் மட்டுமே நினைவிருந்தன. மீதி தெரிந்தவர்கள் ஓர் அடி தெரிந்தாலும் எழுதி அனுப்பும்படி வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நாவலாசிரியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.