காசு கசியும் இடங்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் என் பக்கத்துச் செய்தி. கண் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. படிக்கலாம், எழுதலாம், தைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியில் நூல் கோர்க்க இனி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். பெரியவள் வேலை விஷயமாக வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது, தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி வீட்டில் ஒரு சம்பளம்தான் என்று எழுதியிருந்தாய். அதைவிட அதற்கு அடுத்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாட்டில், கவர், டப்பா எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கிறேன், ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. நீ கொஞ்சமாகவா பாடுபடுகிறாய்? பாடு படும் இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோசித்துப் பார். ஒரு டப்பாவைக் கழுவி வைத்தால் ஒரு டப்பாவின் விலை மிச்சம், அதுவும் ஒரே ஒரு தடவை. சூடாக்கும் செலவு, தண்ணீர்ச் செலவு, கெட்டுப்போய்க் கொட்டும் சாப்பாட்டின் செலவு மூன்றும் தினமும் நடக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாமல் காசு கசிகிற இடங்கள் அவைதான். அங்கே முதலில் கை வைக்க வேண்டும். டப்பாவுக்கு அப்புறம் வரலாம்.

மின்சாரத்தில் எது எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் போடுவது சுலபம். பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட். 2000 வாட் கீஸர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இப்போது செல்போன் சார்ஜரைப் பார். போனை எடுத்த பிறகும் அது சுவரில் செருகியே இருந்தால் அரை வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுக்க அப்படியே கிடந்தாலும் 0.36 யூனிட்தான். அந்த அளவை கீஸர் 11 நிமிடத்தில் முடித்துவிடும். சார்ஜரைக் கழற்றி வைக்கும் பழக்கம் நல்லதுதான், விடாதே. ஆனால் வீட்டில் யாராவது கீஸரைப் போட்டுவிட்டு மறந்து போனால், சார்ஜரில் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு காலையிலேயே போய்விடும். சூடாக்குகிற எந்தப் பொருளும் இப்படித்தான்: இஸ்திரிப் பெட்டி, கெட்டில், வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின். மெஷினில் தண்ணீரைச் சூடாக்கத்தான் பெரும்பகுதி மின்சாரம் போகிறது. அன்றாடத் துணிக்குச் சாதாரணத் தண்ணீரே போதும், நோயாளி உடுத்தியது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது போன்றவற்றுக்கு மட்டும் வெந்நீர் வைத்துக்கொள். பழைய குண்டு பல்பு எங்காவது மீதி இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடு. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். மிச்சமெல்லாம் சூடாகத்தான் வீணாகிறது.

அடுப்பிலும் இதே கதைதான். 1 லிட்டர் தண்ணீரை அறையின் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சக்தியைப் போல ஏறக்குறைய 7 மடங்கு, அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அப்படியென்றால் திறந்த பாத்திரத்திலிருந்து மேலே போகும் ஆவி எவ்வளவு எரிபொருளை வாங்கிக்கொண்டு போகிறது பார்! மூடி போடு. கொதி வந்ததும் தீயைத் தாழ்த்து. தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் சன்னமாகக் கொதித்தாலும் அதன் சூடு ஒன்றுதான், தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகமாகும், சீக்கிரம் வேகாது. குக்கர் ஏன் மிச்சம் பிடிக்கிறது என்றால், உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது, அதனால் சீக்கிரம் வேகிறது. பயறு வகையை முன்கூட்டி ஊறவைத்தால் இன்னும் நேரம் குறையும். இதில் ஒன்றுக்கும் புதிதாகக் காசு போடத் தேவையில்லை, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொட்டும் குழாயின் கீழே ஒரு கப் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார். 250 மில்லி சேர்ந்திருந்தால் ஒரு நாளைக்கு 6 லிட்டர், மாதத்துக்கு 180 லிட்டர். பல குழாய்களில் உள்ளே இருக்கும் சின்ன வாஷரை மாற்றினாலே சொட்டுவது நின்றுவிடும். கழிவறை ஃப்ளஷ் டேங்க் ஒழுகுவது சத்தமில்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரியாது. டேங்கில் கொஞ்சம் வண்ணத் திரவத்தைக் கலந்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இரு. கீழே பீங்கானில் வண்ணம் தெரிந்தால் டேங்க் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

சாப்பாடு வீணாவதுதான் எனக்கு மனசு தாங்காத ஒன்று. பொருளுக்குக் கொடுத்த காசு, சமைத்த எரிபொருள், நம் உழைப்பு மூன்றும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. ஃபிரிட்ஜில் பின்னால் இருப்பது கண்ணில் படாமலே கெடுகிறது. புதிதாக வாங்கியதைப் பின்னால் வை, பழையதை முன்னால் இழு. கடைக்குப் போகும் முன்பு ஃபிரிட்ஜையும் அலமாரியையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுப் பட்டியல் எழுது. பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியையும் கவனித்துப் படி. 'இந்தத் தேதிக்கு முன் உபயோகித்தால் சிறந்தது' என்று இருந்தால் அது சுவை, மொறுமொறுப்பு பற்றியது. சரியாக மூடி வைத்த பொருள் அந்தத் தேதி தாண்டிய மறுநாளே கெட்டுவிடாது, முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். 'இந்தத் தேதிக்குள் உபயோகிக்கவும்' என்று சீக்கிரம் கெடும் பொருளில் போட்டிருந்தால் அதை மீறவே கூடாது. அங்கே மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஃபிரிட்ஜ் 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி இருந்தால் போதும், அதற்கு மேல் குளிர வைப்பது வீண். கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழு. இழுவையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் வெளியே போகிறது. சில சமயம் ரப்பரில் படிந்த அழுக்கைத் துடைத்தாலே சரியாகிவிடும்.

பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்று நம்பாதே. விலையை எடையால் வகுத்துப் பார்த்த பிறகு எடு. லாபமாகவே இருந்தாலும், கெடுவதற்குள் தீர்த்துவிட முடியுமா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுக்கொள்.

துப்புரவுச் சாமான்களைக் குறைப்பது பற்றிக் கேட்டிருந்தாய். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாட்டில் தேவையே இல்லை. கெட்டிலின் அடியிலும் ஷவரின் துளைகளிலும் படியும் வெள்ளைப் படிவம் சுண்ணாம்புச் சத்து. அதை வினிகரோ சிட்ரிக் அமிலமோ கரைத்துவிடும். சமையல் சோடா, தேய்த்துக் கழுவவும் வாடை போக்கவும் உதவும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கவிடும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்து, இரண்டுக்கும் வேலை இருக்கிறது. பளிங்குக் கல்லில் மட்டும் அமிலம் எதுவும் படக் கூடாது, பளபளப்பை அரித்துவிடும்.

இதை நீ கண்டிப்பாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பிளீச்சுடன் வினிகரையோ அமிலம் கலந்த கழிவறை கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதே. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும். அம்மோனியா உள்ள கிளீனருடனும் சேர்க்கக் கூடாது. அதேபோல, கிளீனர், பூச்சிமருந்து எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதே. பூச்சிமருந்து இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் வேறு எதற்கும் எடுக்காதே. மறுபயன்பாட்டில் நான் கறாராக இருக்கும் இடம் இதுதான்.

துவைக்கும் பவுடரை அளந்து போடு. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வெளுக்காது, அலசுவதற்குத் தண்ணீர்தான் அதிகம் போகும், துணியும் விறைத்துப் போகும்.

சரி, இப்போது நீ சேர்த்து வைத்திருக்கும் டப்பாக்களுக்கு வருகிறேன். ஒரு பொருளை எடுத்து வைக்கும்போதே அதற்கு என்ன வேலை என்று சொல்ல முடிய வேண்டும். "எப்போதாவது ஆகும்" என்பது வேலை இல்லை. ஒரு தட்டு ஒதுக்கு, அது நிறைந்தால் புதிதாக ஒன்று வரும்போது பழையது ஒன்று வெளியே போகட்டும். கண்ணாடி ஜாடிகளை வைத்துக்கொள், மூடியிலிருக்கும் வாடை போகாவிட்டால் மூடியை மட்டும் மாற்று. முக்கோணத்துக்குள் 1 என்று எண் போட்ட மெல்லிய தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய 70 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். அதில் வெந்நீர் ஊற்றாதே. விதை, ஆணி, மணி போன்றவற்றைப் போட்டு வைக்கலாம். செருப்பு, பைகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கருவிப் பெட்டியில் போட்டால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். ரிமோட்டில் வேலை செய்யாத பேட்டரி சுவர்க் கடிகாரத்தில் இன்னும் சில காலம் ஓடும், ஏனென்றால் கடிகாரம் மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கும். வெள்ளையாகக் கசிய ஆரம்பித்தால் உடனே எடுத்துவிடு.

எனக்குப் பிடித்த பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். துணி! ஒரு துணிக்கு எத்தனை பிறவி கொடுக்கலாம் தெரியுமா? படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைந்து போகும், ஓரம் புதிதாகவே இருக்கும். நடுவில் நீளவாக்கில் வெட்டி, இரண்டு ஓரங்களையும் நடுவில் வருமாறு சேர்த்துத் தைத்துவிடு. நைந்த பகுதி இரு பக்கமும் போய்விடும், அதை மடித்துத் தைத்தால் விரிப்பு இன்னும் பல காலம் வரும். அதற்கப்புறம் தலையணை உறை, அதற்கும் அப்புறம் துடைக்கும் துணி. சட்டைக் காலர் மடிப்பில் தேய்ந்தால், பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கலாம், சட்டையைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டை பொத்தான் அளவு இருக்கும்போதே கை வைத்துவிடு. முதலில் ஒரு திசையில் நெருக்கமாக நூல் ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் கோத்துக்கொண்டே போனால் அந்த இடத்தில் புதுத் துணியே நெய்தது போலாகிவிடும். ஜிப் இறுகினால் மெழுகுவத்தியையோ பென்சில் முனையையோ பல்லின் மேல் தேய். பழைய பருத்தி பனியன் துடைக்க அருமையான துணி. பின்னல் துணி என்பதால் வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது, அதைத் துடைக்க வைத்து அல்லாடாதே. எந்த உடுப்பையும் துண்டு போடும் முன்பு பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் எடுத்து ஒரு ஜாடியில் போட்டுவிடு. இப்போது தெரிகிறதா, கண்ணாடி ஜாடிக்கு என்ன வேலை என்று?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயலாதே. இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்: தினமும் அதே நேரத்தில் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வை. எந்த நாளில் எண் அதிகம் ஏறியதோ அன்று வீட்டில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுது. தண்ணீர் மீட்டர் இருந்தால் இரவு படுக்கும்போதும் காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன்பும் பார். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பு, சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். உன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள். நீ ஒருத்தி மட்டும் எல்லாச் சுமையையும் தூக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கென்று நீ வாங்கும் புத்தகத்தைத் தயவுசெய்து நிறுத்திவிடாதே, நிறுத்த வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன.

கிழிந்த விரிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடுத்த மாதம் நான் அங்கே வரும்போது நூலும் ஊசியும் கொண்டு வருகிறேன், நீ மிஷினுக்கு எண்ணெய் போட்டு வை.

அன்புடன்,
உன் தோழி