வாலென்சியாவில் உண்ணவும் அருந்தவும்: உறுப்பினர்களுக்கு

அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம். ஸ்பெயின் நாட்டின் வாலென்சியா நகருக்குச் செல்லவிருக்கும் நம் குழுவினர் சிலர் கேட்டதால், எனக்கு மிகவும் பிடித்த இடங்களை இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஓர்சாட்டா. சூஃபா எனப்படும், கோரை இனத்துச் செடியின் சிறு கிழங்கை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரத் தரும் இந்த வெண்ணிறப் பானத்தை, அக்கிழங்கு விளையும் அல்போராயாவுக்கே சென்று, ஃபார்ட்டோன் என்னும் நீள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதே சிறப்பு. இதில் பால் கலப்பதில்லை.

பாயேயா என்னும் அரிசி உணவுக்கு மல்வரோசா கடற்கரையருகே 1922 முதல் இயங்கும் காசா கார்மெலா உணவகத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆரஞ்சு மர விறகில் சமைக்கிறார்கள். தட்டின் அடியில் ஒட்டும் காந்தலை விட்டுவிடாதீர்கள், சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. உள்ளூர் வழக்கப்படி இது மதிய உணவு, முன்பதிவு அவசியம். மரபான பாயேயாவில் கோழியும் முயலும் சேரும் என்பதால், சைவ உணவினர் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

கபான்யல் மீனவர் குடியிருப்பில் 1836இல் தொடங்கிய காசா மொந்தான்யா மதுவகம், பழைய பீப்பாய்கள் சூழ நின்றபடியே திராட்சை மதுவும் நெத்திலியும் சுவைக்க ஏற்றது.

1928இல் திறக்கப்பட்ட மத்தியச் சந்தையைக் காலையிலேயே பாருங்கள்; பிற்பகல் மூன்று மணியளவில் மூடிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.