பதினெட்டு ஜிபி குறைச்சல்

திருவல்லிக்கேணி
மார்கழி 24 (ஜனவரி 8, 2026)

அன்புள்ள மாப்ளே,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கு இன்னும் பதில் போடவில்லை, அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. சாக்கு எதுவும் கைவசம் இல்லை, திட்டிவிட்டு மேலே படி. இதையும் வாட்ஸ்அப்பில்தான் சொல்லப் பார்த்தேன். மூன்று முறை தட்டி மூன்று முறையும் அழித்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னவென்றால் கடை கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. சரியாக மார்கழி இரண்டாம் வாரம், தை முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாம் வரிசையில் நிற்கும்போது. "பேக்கப் எடுத்தியா, பேக்கப் எடுத்தியா" என்று நீ வருஷக்கணக்கில் கேட்டாயே, அதற்கு நான் "எல்லாம் எடுத்தாச்சு" என்று சொன்னது பொய். இது முதல் பாவமன்னிப்பு. இன்னொன்று பின்னால் வருகிறது.

ஒரு நாள் காலையில் சுவிட்ச் போட்டால் உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். நடுவில் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டக். எலி என்று நினைத்து மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சிரிக்காதே. மொட்டைக்கு போன் போட்டேன். அவன் போனை கேபினெட் பக்கத்தில் வைக்கச் சொல்லி, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததுபோல் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "அண்ணே, அணைச்சிட்டு உடனே கிளம்பி வா" என்றான். ஆனால் நான் அணைக்கவில்லை. டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் மென்பொருள் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கட்டத்தில் 'காஷன்', ஜாக்கிரதை என்று. படிக்க முடியாமல் தத்தளிக்கும் செக்டார்களின் (தட்டின் சின்னச் சின்னக் கட்டங்களின்) கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. 2012-இல் வாங்கிய டிஸ்க், தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்ட் டிஸ்க் விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம், அழுதுகொண்டே வாங்கினேன். நொடிக்கு 120 சுற்று சுற்றும் தட்டு, பதிமூன்று வருஷமாக. அதையும் குறை சொல்ல முடியாது.

நீ உடனே என்ன சொல்வாய் என்று தெரியும். புது மெஷின் வாங்கு, விண்டோஸ் பதினொன்று போடு, சுத்தமாக ஆரம்பி. ஓசூரில் ஏசியில் உட்கார்ந்து சொல்வது சுலபம் ராஜா. என்னிடம் இருப்பது பழைய 32 பிட் வகை விண்டோஸ் ஏழு, அதன்மேல் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், அதன்மேல் அந்தப் பழைய தமிழ் எழுத்துருக்கள், அவற்றுக்கான கீபோர்டு மென்பொருள். அதைத் தயாரித்த கம்பெனி இப்போது இருக்கிறதா என்பதே சந்தேகம், சிடி எங்கே போனதென்று எனக்கும் தெரியாது. இப்போது எல்லா மெஷினும் படிக்கும் யூனிகோடு தமிழ் பேஜ்மேக்கருக்கு வராது. விண்டோஸ் பதினொன்றில் 32 பிட் பதிப்பே கிடையாது. பதினேழு வருஷத்துப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. வேறு மெஷினில் திறந்தால் 'நிகழும் மங்களகரமான' என்பது ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி தெரிகிறது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் ஏழுக்கு ஆதரவு நின்றுவிட்டது என்று நீ பயமுறுத்தியதால் நெட் கேபிளை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன், அந்த ஒரு பேச்சையாவது கேட்டேன். ஆக எனக்குப் புது வீடு வேண்டாம், இந்த வீட்டையே ஜன்னல், கதவு, பல்லி எல்லாவற்றோடும் தூக்கி வேறு மனையில் வைக்க வேண்டும். அதற்குப் பேர் குளோனிங்.

ரிச்சி தெருவுக்குப் போனேன். மழை விட்ட மறுநாள், நரசிங்கபுரம் தெருவில் நீ வழுக்கி விழுந்த அதே இடத்தில் அதே சேறு. எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க், கேட்டேன். 500 ஜிபி ஒன்று, 480 ஜிபி ஒன்று, நடுவில் முந்நூறு ரூபாய் வித்தியாசம். இருபது ஜிபிக்கு முந்நூறா என்று 480-ஐ வாங்கிக்கொண்டு, ஜெயித்த மாதிரி சாமோசா சாப்பிட்டுவிட்டு வந்தேன். மொட்டை பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

பழைய டிஸ்க் 500. விண்டோஸ் ஜிபியை எண்ணும் கணக்கே வேறு, அதில் அது 465. புதுசு 447. பதினெட்டு ஜிபி குறைச்சல். பெரிய அண்டாவில் இருப்பதைச் சின்ன அண்டாவில் ஊற்ற முடியாது, குளோன் எடுக்கும் மென்பொருள் குளோன்சில்லா தெளிவாக மறுத்துவிட்டது. ஒரே வழி, டி டிரைவில் இருப்பதை அழித்து, அந்தப் பார்ட்டிஷனைச் சுருக்கி, அளவைப் பார்க்காதே என்று குளோன்சில்லாவுக்குச் சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்கில் பார்ட்டிஷனைச் சுருக்குவது நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி, தெரியும், திட்டாதே. நடக்கிற வேலைகளை மட்டும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுபடி ரிச்சி தெருவுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். மொட்டையிடம் தோற்க மனசு வரவில்லை.

எதை அழிப்பது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன் மாப்ளே. நம் கடையில் வருவது இரண்டே வேலை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் இடையில் வரும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் ஒரு தெருவே இருக்கிறது. தேர்முட்டி பக்கத்துப் பூக்காரம்மாவின் பெண் கல்யாணம் 2013, அதே அம்மாவுக்கு ஏ3 போஸ்டர் 2021. அந்த வருஷத்து ஃபோல்டரைத் திறந்து உடனே மூடிவிட்டேன். 2021 மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை போஸ்டர் போட்டேன் என்று நீ அப்போதே போனில் கேட்டாய், நான் சொல்லவில்லை. இப்போதும் வேண்டாம்.

அழிக்க முடிந்தது எல்லாம் பிடிஎஃப் நகல்களும், அரசியல்வாதிகள் பிறந்தநாள் பேனர்களும். பேனர்கள் மட்டுமே பதினோரு ஜிபி. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் முகம், எல்லோரும் கைகூப்பிக்கொண்டு. அழித்தபோது ஒரு வருத்தமும் இல்லை.

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று 'வாடகை' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். கடை வாடகை ரசீதுகள் ஸ்கேன் செய்து போட்டது, தூக்கிவிடலாம் என்று. அதற்குள் ரசீதுகளோடு 'அப்பா1' என்று ஒரு படம். யாருடைய அப்பா என்று திறந்தேன். உன் அப்பா.

2014-இல் நீ அந்த ராத்திரி சைதாப்பேட்டையிலிருந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாயே, அந்தச் சின்னப் போட்டோ. ஏதோ அடையாள அட்டையிலிருந்து உரித்தது, தோளில் பாதி ரப்பர் ஸ்டாம்ப், மூலையில் பின் துருப்பிடித்த தடம், பையில் பேனா. வேகத்தில் எந்த ஃபோல்டர் திறந்திருந்ததோ அதிலேயே சேமித்திருக்கிறேன். போஸ்டருக்காக அந்த ஸ்டாம்பை அழித்துவிட்டேன் இல்லையா, இது அழிப்பதற்கு முந்தையது. 1200 டிபிஐ, அவ்வளவு நுணுக்கமான ஸ்கேன். பெரிதாக்கினால் கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறது.

இப்போது இரண்டாவது. 2015 வெள்ளம் வடிந்து நீங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆல்பமெல்லாம் கூழாகிவிட்டது, அந்தப் படம் உன் மெஷினில் இருக்குமா என்று கேட்டாய். நான் இல்லைடா, அழிந்துவிட்டது என்றேன். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. கடையில் நான்கு பேர் நின்றார்கள், உன்னிடம் ஏதாவது சொல்லி போனை வைக்க வேண்டும், அவ்வளவுதான். நீ சரி என்று வைத்துவிட்டாய், அதன்பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பத்து வருஷம். இதைத்தான் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி அழித்தேன்.

உடனே பென்டிரைவில் நகல் எடுக்க வேண்டும் என்றுதான் எவனுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. செருகி, நகலெடுக்கக் கொடுத்தேன். பாதியில் டக், டக், மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி போட்டால் விண்டோஸ் வரவே பதினைந்து நிமிடம். வந்ததும் அந்த ஃபோல்டரைத் தொடவே பயம். டி டிரைவைச் சுருக்கிவிட்டு, குளோன்சில்லா பென்டிரைவைப் போட்டு, 'ரெஸ்க்யூ' என்ற தேர்வைச் சேர்த்தேன். படிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடாமல் தாண்டிப் போ என்று அர்த்தம். தாண்டிய இடத்தில் புது டிஸ்கில் வெறுமைதான் இருக்கும். எந்த இடத்தைத் தாண்டுகிறது, அதில் யார் இருக்கிறார்கள் என்பது ஓடும்போது தெரியாது. பதினோரு மணி நேரம் ஓடியது. யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்தான் தாங்கும், கரண்ட் போய்விடக் கூடாதே என்று கடையிலேயே பெஞ்சில் படுத்தேன். வீட்டில் கேட்டதற்கு வாத்தியார் மகள் பத்திரிகை வேலை என்றேன். பொய் சொல்வது பழகிவிட்டது பார்.

காலையில் முடிந்தது. பழைய டிஸ்கைக் கழற்றி, அதன் கேபிளிலேயே புதுசை மாட்டினேன். இரண்டையும் சேர்த்து மாட்டி ஓட்டாதே, இரண்டுக்கும் ஒரே அடையாள எண், விண்டோஸ் குழம்பும் என்று மொட்டை எச்சரித்திருந்தான். எஸ்எஸ்டி உள்ளங்கை அளவு, எடையே இல்லை, மாட்ட வாகான இடமும் கேபினெட்டில் இல்லை, இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். அதோடு, எல்லாவற்றையும் திறந்தது திறந்தாய், மதர்போர்டில் இருக்கும் அந்த வட்ட பேட்டரியையும் மாற்றிவிடு என்றான் புண்ணியவான். மாற்றினேன். சுவிட்ச் போட்டேன். நீலத் திரை, கடைசியில் 7B என்ற பிழை எண்.

மயக்கம் வராத குறை. அரை மணி நேரம் மொட்டைக்கும் எனக்கும் போனில் சண்டை. கடைசியில் பார்த்தால் பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் (மெஷினின் அடிப்படை அமைப்பு) கம்பெனி வைத்த நிலைக்கே போய், டிஸ்கைப் பேசவைக்கும் முறை ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாறியிருக்கிறது. விண்டோஸ் ஏழு ஐடிஇ-யில் நிறுவியது, அதற்கு ஏஹெச்சிஐ டிரைவரை எழுப்பவே தெரியாது. திரும்ப ஐடிஇ வைத்தேன், வந்துவிட்டது. அப்புறம் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'எம்எஸ்ஏஹெச்சிஐ' என்ற இடத்தில் 'ஸ்டார்ட்' 3 என்று இருந்ததை 0 ஆக்கி, பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றினேன், அதிலும் வந்தது. ஒரே ஓர் எண். பாண்டிச்சேரி ஸ்க்ரூடிரைவர் கதையை நீ இனி எடுக்கக் கூடாது, இது அதைவிடப் பெரிது.

கீபோர்டு மென்பொருள் டிஸ்க் மாறியதைக் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. குளோனில் பார்ட்டிஷனின் எண்ணும் சேர்ந்தே வந்துவிடுகிறது, அதைப் பார்த்து ஏமாந்திருக்கும் போல. முன்பு சுவிட்ச் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவேன், இப்போது 25 நொடி. "ஏன் வருவதில்லை, கோபமா" என்று டீக்கடை அண்ணாச்சி ஆள் விட்டுக் கேட்கிறார்.

பேஜ்மேக்கரைத் திறக்கும் முன் 'வாடகை'க்குப் போனேன். அப்பா1 திறந்தது. முழுசாக. கண்ணாடி, ஜன்னல், பேனா, எல்லாம்.

போனது எவை என்று இரண்டு நாள் தேடினேன். ஏழு கோப்பு, எல்லாம் சில்லறை. அதில் ஒன்று உன் கல்யாணப் பத்திரிகை. முதல் பக்கம் வருகிறது, உன் பெயர் வரும் இடத்தில் நின்றுவிடுகிறது. உன் பெண்டாட்டியிடம் சொல், சிரிப்பாள்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை, அது சுருக்கிக் கெடுத்துவிடும். மூன்று இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன், அதில் ஒன்று வேறொரு ஹார்ட் டிஸ்க். வேண்டுமென்றே. எஸ்எஸ்டியில் எல்லாம் மின்னூட்டமாக நிற்பது, கரண்ட் இல்லாமல் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்தால் மெல்லக் கசியும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். போகும்போது டக் என்று ஒரு சத்தம்கூடப் போடாதாம், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய டிஸ்கைப் பழைய இரும்புக்காரன் கேட்டான், கொடுக்கவில்லை. ஊர் ஜனங்களின் ஆதார் நகல் பாதி அதில் கிடக்கிறது.

மொட்டையின் தம்பி பொங்கல் முடிந்து ஓசூர் வருகிறான். அவனிடம் பென்டிரைவ் கொடுத்து அனுப்புகிறேன். ஸ்டாம்ப் இருப்பது, இல்லாதது இரண்டும் இருக்கும். எதை மாட்டுவதென்று அம்மாவிடம் கேள். பிரின்ட் அங்கே போடாதே, அளவு சொல், நான் போட்டுத் தருகிறேன், காசு பேச்சு எடுத்தால் நேரில் வந்து உதைப்பேன்.

வாத்தியார் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் படிப்பை மூன்றாவது முறையாக மாற்றுகிறார்கள்.

உன்,
நெட்டை